முடிசூடும் வாசல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் சாமிதோப்பு, அய்யா வைகுண்டரை வணங்கும் அய்யாவழி மக்களின் தலைமைத் தலம். இங்கே வருகிறவர்கள் முதலில் முத்திரிக்கிணற்றுக்குத்தான் போகிறார்கள். நானும் அப்படியே போனேன். தண்ணீரை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு ஈர வேட்டியோடு ஓரமாக நின்றேன். எனக்குப் பிறகு வந்தவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. என்னையும் யாரும் கேட்கவில்லை. கிணற்றுப் பக்கம் நெருங்கினாலே தீட்டு என்று விரட்டிய திருவிதாங்கூரில், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளிக்கவும் குடிக்கவும் வேண்டும் என்று அய்யா வைகுண்டர் ஏற்படுத்திய கிணறு இது. இங்கே குளிப்பது வழிபாட்டுக்கு முந்தைய சடங்கு இல்லை. என் மனதில் அதுவே முதல் வழிபாடாகப் பட்டது.

பதி என்று சொல்லப்படும் கோயிலின் வாசலில் சட்டையைக் கழற்றினேன். பழக்கதோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இடுப்புல இல்ல மக்களே, தலையில கெட்டு."

அவரே துண்டை வாங்கி முறுக்கி, தலைப்பாகையாகச் சுற்றிவிட்டார். சாமிக்கு முன்னால் தலையில் துணியோடு நிற்கலாமா என்று கேட்டேன். குழந்தையிலிருந்து நான் பார்த்து வளர்ந்த பணிவு வேறு.

"ராசாவுக்கு முன்னால அவுக்கச் சொன்னாவ. அய்யா கெட்டச் சொன்னாரு" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அய்யாவுக்கு 1809-இல் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பிள்ளைக்கு முடி சூடும் பெயரா என்று மேல்சாதியார் எதிர்க்க, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி. கூலியில்லாத ஊழியம் வேறு. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. 1833-இல், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள், திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவர் வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது எங்கள் நம்பிக்கை. தன் பெயரிலிருந்து பிடுங்கப்பட்ட முடியை, வணங்க வந்த ஒவ்வொருவன் தலையிலும் அவர் திருப்பி வைத்தார். எதையெல்லாம் செய்தால் தண்டனையோ, அதையே வழிபாட்டின் முறையாக்கினார். அரசனை எதிர்த்துப் பேசியதற்காகத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை இருந்தார். முறையை மட்டும் மாற்றவில்லை.

வடக்கு வாசலில் அவர் தவம் இருந்த இடத்தில் சிலை கிடையாது. விளக்குகளும் ஒரு கண்ணாடியும்தான். வரிசை நகர்ந்து என் முறை வந்தபோது கண்ணாடியில் தலைப்பாகை கட்டிய ஒரு முகம் தெரிந்தது. ஒரு கணம் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கும்பிடக் கை தூக்கினால் அதுவும் என்னைக் கும்பிடுகிறது. தாழ்ந்தவன், தாழ்ந்தவன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒருவர் முதன்முதலாக இங்கே நின்றபோது என்ன நினைத்திருப்பார்? தொண்டை அடைத்துக்கொண்டது. பின்னால் இருந்தவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தேன். பணிவிடை செய்பவர் நெற்றியில் வெண்மண்ணால் சுடர் வடிவில் நாமம் இட்டார்.

நண்பகலில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் உச்சிப்படிப்பு தொடங்கியது. ஒருவர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்கிறது. எழுத்து தெரியாதவரும் காதால் கேட்டே கற்றுக்கொள்ள முடிகிற முறை. எனக்கு வரிகள் தெரியாது. "அய்யா சிவ சிவா அரகரா" என்று வரும் இடங்களில் மட்டும் சேர்ந்துகொண்டேன், பிறகு மெல்ல மற்ற வரிகளும் வாயில் ஏறின. பக்கத்தில் ஒரு பாட்டி கண்ணை மூடியபடி ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். இப்படிப்பட்ட குரல்களில்தான் இந்தப் படிப்பு இத்தனை காலம் வந்திருக்கிறது.

அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாலையில் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள முட்டப்பதிக் கடற்கரைக்குப் போனேன். சிறையிலிருந்து திரும்பிய பிறகு, அய்யாவின் சொல்லை ஏற்று 700 குடும்பங்கள் வாகைப்பதியிலும் பின்னர் இந்தக் கரையிலும் துவையல் தவசு இருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை துணி துவைத்துக் குளித்து, ஒரு வேளை உண்டு, சேர்ந்து படித்து வாழ்ந்தார்கள். அழுக்கர்கள் என்று ஊர் ஒதுக்கிய மக்கள் அவர்கள். உடம்பும் துணியும் தூய்மையாக இருப்பதையே தவம் என்று அய்யா அவர்களுக்குச் சொல்லியிருந்தார்.

அலை காலைத் தொட்டது. தலைப்பாகையை அவிழ்த்து, துண்டை உப்பு நீரில் மூன்று முறை முக்கி அலசினேன். பிழிந்து, ஈரத்தோடேயே மறுபடி தலையில் கட்டிக்கொண்டு நடந்தேன்.