பதினான்கு பேர், நான்கு சைக்கிள்கள், ஒரு வான்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சைக்கிளில் சுற்றி வரலாம் என்ற யோசனையை முதலில் சொன்னவன் நான்தான் என்பதை இப்போது எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொள்கிறார்கள். இந்தப் பயணம் தொடர்பாக வேறு எந்த விடயத்திலும் எங்களுக்குள் ஒருமனம் ஏற்பட்டதாக எனக்கு நினைவில்லை. 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசையில் நின்று களைத்த நாட்களில், வீட்டுக் கோடியில் தூசி படிந்து கிடந்த சைக்கிள்களை ஆளாளுக்கு வெளியே எடுத்திருந்தோம். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் அவற்றை மறுபடி கோடிக்குள் தள்ள மனம் வராமல், மாலை வேளைகளில் நல்லூர் வீதிகளில் ஓடித் திரிந்த பதினான்கு பேரிடம், ஒரு சனி ஞாயிறில் கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றினால் என்ன என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

நாள் குறிப்பதற்கே மூன்று மாதங்கள் சென்றன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் வீசும். அந்தக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிப்பவர், தாம் முன்னே போகிறாரா, நின்ற இடத்திலேயே நிற்கிறாரா என்பதைப் பக்கத்துப் பனைமரத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்ள வேண்டும். இடையில் நல்லூரில் கொடியேறிவிட்டால் 25 நாட்களுக்கு வீட்டில் மச்சம் கிடையாது. மச்சம் சாப்பிடாமல் கடற்கரையைச் சுற்றுவதில் என்ன பயன் என்று ஒருவர் கேட்டார், அதற்கு எவரிடமும் பதில் இருக்கவில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரிமழை. தையில் கலியாணங்கள். எஞ்சிய மாதங்களில் முதலில் வந்தது மாசி. மணற்காட்டு மணல்மேடுகளை நிலவொளியில் பார்க்க வேண்டும் என்ற ஆசையால், பௌர்ணமியோடு ஒட்டி வந்த சனி ஞாயிறை எங்களில் கவிதை எழுதும் ஒருவர் முன்மொழிந்தார். போயா தினத்தில் நாடெங்கும் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதை, வங்கியில் வேலை செய்யும் மச்சான் மெல்லிய குரலில் நினைவூட்டினான். அடுத்த வாரமே உகந்தது என்ற தீர்மானம், காரணம் எதுவும் பதிவாகாமல், உடனே நிறைவேறியது.

பாதையை வகுக்க உட்கார்ந்தபோதுதான், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவரைக் குழுவில் வைத்திருப்பதன் விளைவு எங்களுக்குத் தெரியவந்தது. "சுற்றுவது என்றால் என்ன?" என்று மாஸ்டர் வரைவிலக்கணம் கேட்டார். குடாநாடு என்பது வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்ற மூன்றும் சேர்ந்தது; ஆகவே மூன்றையும் தொடாத எந்தப் பயணமும் சுற்றல்ல, வெறும் உலாத்தல் என்பது அவர் வாதம். காரைநகரில் பெண் எடுத்த தம்பி கசூரினாக் கடற்கரையைச் சேர்க்கச் சொன்னபோது, காரைநகர் ஒரு தீவு, அது குடாநாட்டில் அடங்காது என்று மாஸ்டர் தள்ளுபடி செய்தார். பொன்னாலையிலிருந்து தாம்போதி போட்ட அன்றே அது தீவாக இருப்பதை விட்டுவிட்டது என்று தம்பி எதிர்வாதம் வைத்தான். "அப்படியென்றால் புங்குடுதீவுக்கும் தாம்போதி இருக்கிறது, அதையும் சேர்ப்போமா தம்பி?" என்று மாஸ்டர் கேட்க, மாமியார் வீட்டு மதியச் சாப்பாட்டுக் கனவு அத்துடன் கலைந்தது. சாவகச்சேரிக்காரர் மட்டும் மாஸ்டரை முழுமனதாக ஆதரித்தார். குடாநாட்டைச் சுற்றியதாகச் சொல்லும் எல்லோரும் பருத்தித்துறையோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதும், பலாப்பழக் காலத்தில் மட்டும் தென்மராட்சியாரின் தொலைபேசி எண் எல்லோருக்கும் நினைவு வருகிறது என்பதும் அவருடைய நெடுநாள் மனக்குறை.

காங்கேசன்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடைப்பட்ட கரையில், பலாலி விமானத்தளத்தையும் இராணுவ வலயத்தையும் சுற்றி எந்த வீதி திறந்திருக்கிறது, எது இன்னமும் பூட்டியிருக்கிறது என்பதில் ஆளுக்கொரு வரைபடம் இருந்தது. கடைசியில் தெல்லிப்பழை, அச்சுவேலி வழியாக உள்ளே விலகிப் போவதென்று முடிவாயிற்று. கடலைக் காணாமல் கடற்கரையைச் சுற்றும் அந்தத் துண்டை மாஸ்டர் சிவப்பு மையால் கோடிட்டார். அந்தக் கோட்டுக்கு அப்பால் தன்னுடைய வீட்டுக் கிணறு இருப்பதாகவும், 1990இல் விட்டு வந்ததாகவும் எங்களில் ஒருவர் சொன்னார். அன்று மாலை அதற்குமேல் எவரும் பகிடி விடவில்லை.

மறுவாரம் எழுந்தது திசைப் பிரச்சினை. மாசியில் காற்றுப் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும் என்பதால், முதல்நாள் கொடிகாமம் வழியாகப் பருத்தித்துறைக்குப் போய்விட்டு, இரண்டாம் நாள் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடக்குக் கரையால் மேற்கே வருவது ஒரு திட்டம். முதல்நாள் மாதகல், கீரிமலை, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை என்று கிழக்கே போய்ப் பருத்தித்துறையில் தங்கிவிட்டு, மறுநாள் வல்லிபுரம், மணற்காடு பார்த்து, தென்மராட்சியால் யாழ்ப்பாணம் திரும்புவது இன்னொரு திட்டம். எங்கள் கணக்கில் எப்படிப் போனாலும் மொத்தம் 130 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். மச்சான் இரண்டுக்கும் எக்ஸெல் அட்டவணை போட்டு, மணிக்கு மணி காற்றின் திசையை அம்புக்குறிகளால் காட்டி, மூன்று கூட்டங்களில் விளக்கினான். நான்காவது கூட்டத்துக்குத் தாதியாக வேலை செய்யும் அக்கா முதல்முறையாக வந்திருந்தார். "மத்தியானம் எங்கே நிற்போம்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது திட்டத்தில் நண்பகலுக்குத் தொண்டைமானாற்றில் நிற்போம். தொண்டைமானாறு என்றால் செல்வச்சந்நிதி. சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அம்புக்குறிகளை அதன்பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சைக்கிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவின் இளையவன் 21 கியர்கள் கொண்ட ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்திருந்தான். மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத ஊரில் இத்தனை கியர் எதற்கு என்று கேட்டதற்கு, கீரிமலை ஏற வேண்டுமல்லவா என்றான்; கீரிமலையில் கேணி உண்டு, மலை பெயரில் மட்டுமே உண்டு என்பதை அவனிடம் சொல்லும் பொறுப்பை மாஸ்டர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். என்னுடையது அப்பாவின் றலி. அதன் நடுப்பாரில் அமர்ந்துதான் நான் பாலர் வகுப்புக்குப் போனேன். கழற்றிப் பூட்டி, எண்ணெய் விட்டு, அதன் பாரமான இரும்புக் கரியரையும் அகற்றிவிடும்படி அனைவரும் அறிவுரை கூறினார்கள். அப்பாவின் கரியர் என்பதால் நான் அகற்றவில்லை. நெருஞ்சி முள்ளுக்கு அஞ்சி ஆளாளுக்கு ஒட்டுப்பெட்டி வாங்கியதில், கடைசிக் கணக்கெடுப்பின்போது எங்களிடம் பதினொரு சொலூஷன் ரியூப்புகள் இருந்தன. அவற்றைக் கொண்டு கச்சேரிச் சைக்கிள்கள் முழுவதையும் ஒட்டியிருக்கலாம்.

இந்த ஆயத்தங்களுக்கு நடுவே, தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவர ஒரு முச்சக்கரவண்டி தேவை என்று யாரோ தொடங்கிவைத்தார்கள். தண்ணீர் என்றால் பிளாஸ்கில் தேநீரும் வேண்டும்; தேநீர் என்றால் அவித்த பனங்கிழங்கும் சம்பலும் வேண்டும்; இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்; அவருக்குப் பேச்சுத்துணைக்கு இன்னொருவர் வேண்டும். இவ்வாறாக முச்சக்கரவண்டி வானாக வளர்ந்தது. வான் உறுதியான மறுநாள் தொடக்கம் குழுவின் உடல்நலம் கவலைக்கிடமாகச் சரியத் தொடங்கியது. இருவருக்கு முழங்கால் வலி வந்தது, ஒருவருக்கு வைத்தியர் தடை போட்டார், வேறு மூவருக்கு மனைவியர் தடை போட்டார்கள். வழிகாட்டுபவர் முன்னாசனத்தில் இருப்பதே முறை என்று மாஸ்டர் தாமாகவே முடிவெடுத்தார். வெள்ளி இரவு மச்சான் அனுப்பிய இறுதி அட்டவணையின்படி வானில் பத்துப் பேர், சாரதி வேறு. சைக்கிளில் நான், அக்கா, கியர்த் தம்பி, காரைநகர் மருமகன் ஆகிய நால்வர்.

காலை ஐந்து மணிக்கு யாழ் பொது நூலகத்தின் முன் கூடிப் புறப்படுவதாக இருந்து, ஆறே காலுக்குப் புறப்பட்டோம். வான் கையசைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டது. வட்டுக்கோட்டை, பொன்னாலை எல்லாம் கடந்து மாதகலை நெருங்கும்போது, வீதியோரம் பத்துப் பேரும் இறங்கி நின்று ஒரு சில்லைச் சுற்றிவரப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் சில்லில் காற்றில்லை. மேலதிகச் சில்லை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. மூன்று மாத அட்டவணையில் சைக்கிள் வால்வு ரியூப்புக்குக்கூட ஒரு நிரல் இருந்தது. வானின் சில்லுக்கு இருக்கவில்லை. பதினொரு சொலூஷன் ரியூப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் எல்லோரும் கடலைப் பார்த்தோம்.

பிறகு, சொல்லிவைத்தாற்போல எல்லோருடைய பார்வையும் என் கரியரில் வந்து நின்றது.

வான் சில்லைக் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு பண்டத்தரிப்பு வரை மிதித்ததும், ரயர் கடைக்காரர் வந்து கடை திறக்கும்வரை படியில் இருந்ததும், சில்லோடு திரும்பி வந்ததும் சேர்ந்து இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தன. அதற்குள் மற்ற மூவரையும் முன்னே அனுப்பிவிட்டிருந்தார்கள். இனி மிதித்தால் அன்னதானத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று மாஸ்டர் தூரத்தையும் நேரத்தையும் வகுத்துக் காட்டினார். அன்று அவர் சொன்னவற்றில் மறுக்க முடியாதது அது ஒன்றுதான். றலியை வானின் கூரையில் ஏற்றினோம். மச்சான் தொலைபேசியை எடுத்து, அட்டவணையில் என் பெயருக்கு எதிரே ‘சைக்கிள்’ என்றிருந்ததை ‘வான்’ என்று திருத்தினான்.

நாங்கள் சந்நிதியில் போய் இறங்கியபோது மூவரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, சைக்கிள் எங்கே?" என்றான் கியர்த் தம்பி.

நான் மேலே காட்டினேன். அப்பாவின் றலி, இரண்டு சில்லையும் ஆகாயத்துக்குக் காட்டியபடி, கீரிமலையையும் தெல்லிப்பழையையும் அச்சுவேலியையும் மல்லாந்து கிடந்தே கடந்து வந்திருந்தது.