வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார் போதும்?

சோலார் வைக்க முடிவெடுத்தவர்களில் பலர், வீட்டிலுள்ள ஏசி, மோட்டார், கிரைண்டர், மின்விசிறி என எல்லாவற்றின் வாட்டையும் கூட்டி, ஏழு கிலோவாட் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஓடுபவையும் நாள் முழுவதும் ஓடுவதில்லை. மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் ஆன்கிரிட் அமைப்பில் பேனலின் அளவைத் தீர்மானிப்பது நாம் செலவழிக்கும் யூனிட்தான். ஆகவே ஓராண்டுக்குரிய ஆறு மின்கட்டணக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டே இதைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டில் நிழல் விழாத மொட்டை மாடியில், தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்திய ஒரு கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நன்றாகவே குறையும். சித்திரை வெயிலிலும் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு ஏறுவதில்லை. பேனலின் வாட் 25 டிகிரி வெப்பத்தில் அளந்து குறிக்கப்படுவது, ஆனால் கோடை நண்பகலில் அதன் சூடு 60 டிகிரியைத் தொடும்போது உற்பத்தி பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் செலவாகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைக் கழித்தால் 700 யூனிட் உற்பத்தி செய்தால் போதும். அதற்கு 3 கிலோவாட் சரியாக இருக்கும். பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தின் மானியமும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்ற உச்சத்தோடு நின்றுவிடுகிறது. கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்கள் 2 கிலோவாட்டோடு நிறுத்தினாலும் நல்ல பயன் உண்டு. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத்தின் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும் என்பதால், அந்த எல்லைக்குள் வந்துவிடுவதே பெரிய மிச்சம்.

புதிதாக ஒரு கருவி வாங்கப்போகிறவர்கள் மட்டும் அதன் யூனிட்டைத் தனியாகக் கணக்கிட வேண்டியிருக்கும். ஃபிரிட்ஜை 150 வாட், 24 மணி நேரம் என்று பெருக்கினால் 3.6 யூனிட் வரும், அது தவறு. உள்ளே போதிய குளிர்ச்சி வந்ததும் கம்ப்ரசர் நின்று, மீண்டும் ஓடும். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 200 யூனிட் என்றிருந்தால், நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுத்தாலும், தொட்டி நிரம்ப அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட்தான். மாறாக, யாரும் பொருட்படுத்தாத மின்விசிறிதான் நிறையச் செலவழிக்கிறது. 75 வாட் மின்விசிறிகள் நான்கு, பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட் ஆகும். அவற்றுக்குப் பதில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் கொண்ட 30 வாட் மின்விசிறிகளை மாட்டினால் நாளுக்கு 2 யூனிட்டுக்கு மேல் மிச்சம். அது அரை கிலோவாட் பேனலின் ஒரு நாள் உற்பத்திக்குச் சமம் என்பதால், பேனலுக்கு முன்னால் மின்விசிறியை மாற்றுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

இரவில் ஓடும் ஏசியைப் பற்றிக் கவலை வேண்டாம். பகலில் மின்வாரியத்துக்குப் போன யூனிட்டை நெட் மீட்டர் வரவு வைத்துக்கொள்ளும். ஆனால் மின்தடை வந்தால், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் அமைப்பு, கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்க்காரர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். அவர்களுக்குப் பேட்டரியின் கணக்கு வேறு: இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு 250 வாட் என்று கொண்டால், நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் ட்யூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் இருந்தாலும், அது நீடித்து உழைக்கப் பாதியை மட்டுமே எடுப்பது நல்லது. ஆகவே ஒன்று போதாது, இரண்டு வேண்டும். மோட்டாரையும் ஏசியையும் இந்தப் பேட்டரி இணைப்பில் சேர்க்காமல் தனி வயரிங்கில் விட்டுவிடும்படி எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.