நைரோபியில் தங்கி மசாய் மாராவுக்குப் போன கதை

கென்யா போவது என்று முடிவானதும் முதல் வேலையாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குத்தான் அலைந்தோம். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த மையங்களில்தான். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை 10 நாள் ஆன பிறகே செல்லும். அட்டை இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்திவிடுவார்கள். அதனால் ஊசித் தேதியைப் பார்த்துத்தான் டிக்கெட்டே எடுத்தோம்.

விசா தொல்லை இல்லை. 2024 ஜனவரியிலிருந்து ஆன்லைனில் எடுக்கும் மின்னணுப் பயண அனுமதிதான்.

எந்த மாதம் போவது என்பதில்தான் வீட்டில் இழுபறி. மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் தலைக்கு ஒரு நாளைக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர், மற்ற மாதங்களில் 100. வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் ஒரு மான் இனம்) கூட்டம் ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரைதான். அது போனால் போகட்டும் என்று பிப்ரவரியில் போனோம். சிங்கமும் யானையும் எங்கேயும் போய்விடாது, வருடம் முழுக்க அங்கேதான்.

பேசிய ஏஜென்ட்டுகளில் பாதிப் பேர், "நைரோபியில் என்ன இருக்கு, இறங்கினதும் நேரா மாரா போயிடுங்க" என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை. ஊரை ஒட்டியே 1946-இல் தொடங்கிய நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது, சுமார் 117 சதுர கிலோமீட்டர். மாராவில் காண்டாமிருகம் கண்ணில் படுவது அதிர்ஷ்டம். இங்கே வாய்ப்பு அதிகம். காலையில் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது, அதன் முதுகுக்குப் பின்னால் நகரத்தின் அடுக்குமாடிகள். இந்தப் பூங்காவில் யானை மட்டும் கிடையாது. அந்தக் குறைக்குப் பக்கத்திலேயே ஷெல்ட்ரிக் யானைக் குட்டிகள் காப்பகம். பார்வையாளர்களுக்கு 11 மணியிலிருந்து 12 வரைதான், முன்பதிவு கட்டாயம். ஒரு குட்டி பால் பாட்டிலைத் தானே துதிக்கையால் பிடித்துக் குடித்து முடித்தது, காலி பாட்டிலை விடவே மாட்டேன் என்றது.

மாராவுக்குப் போகும்போது நரோக் என்ற ஊர் வழியாக வண்டியில், ஐந்தாறு மணி நேரம். திரும்பும்போது சின்ன விமானத்தில் நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்கு. இதில் கைப்பையையும் கேமராவையும் சேர்த்தே 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்கவேண்டும். பெரிய பெட்டிகளை நைரோபி ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம். திரும்பி வந்து அங்கேயே ஓர் இரவு தங்கியதால் அவசரமும் இல்லை.

ஊறுகாயை கேரி பேக்கில் சுற்றி எடுத்துப்போகாதீர்கள், 2017-லிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஸ்வெட்டர் வேண்டும், விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் நிற்கும்போது நன்றாகவே குளிர்கிறது. அப்புறம், ஏஜென்ட் சொல்லும் தொகையில் பூங்கா நுழைவுக் கட்டணம் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்ததிலேயே மலிவான மதிப்பீட்டில் அது சேர்க்கப்படவில்லை.