கெட்டுப்போன இடமும் இழந்துபோன திறனும்

மனம் இருப்பது இதயத்திலா மூளையிலா என்ற பழைய வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அரிஸ்டாட்டிலைக் கேலி செய்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். இதயத்தின் சூட்டைத் தணிக்கத்தான் மூளை இருக்கிறது என்று சொன்னவர் அல்லவா? ஆனால் அவர் கையிலிருந்த சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வராது. அடையிலிருக்கும் கோழி முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்தால் முதலில் துடிப்பது இதயம்தான். ரத்தக் குழாய்கள் எல்லாம் போய்ச் சேருவதும் அங்கேதான். உயிருள்ள விலங்கின் மூளையைத் தொட்டால் அதற்கு உறைப்பதே இல்லை. தொட்டாலே உணராத ஒன்று எப்படி உணர்வின் இருப்பிடமாகும்? மூளை இருப்பதாகவே தெரியாத எத்தனையோ சிற்றுயிர்கள் வேறு உணர்ந்து, நகர்ந்து, இரை தேடுகின்றன. கவனிப்பில் பெரிய பழுதில்லை. மூளைக்கு வலி தெரியாது என்பது இன்றைக்கும் உண்மை. நோயாளி விழித்திருக்கும்போதே மூளை அறுவை செய்ய முடிவது அதனால்தான். அவர் சறுக்கியது கவனித்ததிலிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில்.

எதிர்த்தரப்பும் அப்போதே இருந்தது. குரோட்டன் நகரத்து அல்க்மையோன், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதைகளைச் சொல்லி, புலன்களெல்லாம் மூளையில் கூடுகின்றன என்றார். ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் ஒரு நூல், கி.மு. 400ஐ ஒட்டி எழுதப்பட்டது, வலிப்பு தெய்வக் குற்றமல்ல, மூளையின் நோய் என்று அடித்துச் சொன்னது. நம்பாவிட்டால் வலிப்பு கண்ட வெள்ளாட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர்கோத்து நாற்றமடிக்கும் என்றும் எழுதியது. சரியான முடிவு. ஆனால் இரண்டு கட்சியும் வாதாடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். வழக்கைத் தீர்க்கும் சோதனை யாரிடமும் இல்லை.

அதைச் செய்து காட்டியவர் கிரேக்க மருத்துவர் கேலன். பெர்கமோனில் வாள்வீரர்களுக்குக் கட்டுப்போட்டு, பிறகு ரோமுக்குப் போனவர். குரல் மார்பிலிருந்து வருகிறது, இதயமும் மார்பில்தான் இருக்கிறது, ஆகவே பேச்சும் சிந்தனையும் இதயத்திலிருந்தே வருகின்றன என்பது எதிராளிகளின் வாதம். கேலன் ஒரு பன்றியைப் பலகையில் கட்டி, கழுத்தைத் திறந்து, குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்புகளை இரண்டு பக்கமும் நூலால் இறுக்கினார். பன்றி திமிறுகிறது, மூச்சு விடுகிறது, இதயம் துடிக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை. நூலை அவிழ்த்தால் மறுபடி அலறுகிறது. அந்த நரம்பு கிளம்புவது மூளைப் பக்கத்திலிருந்து. மார்புக்குள் இறங்கித் திரும்பி மேலேறுகிறது. இங்கே சாமர்த்தியமெல்லாம் நூலில் இருக்கிறது. நரம்பை வெட்டியிருந்தால் காயத்தின் அதிர்ச்சியில்தான் குரல் போயிற்று என்று யாராவது சொல்லியிருக்கலாம். கட்டி அவிழ்த்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அதே கேலன், மாடு போன்ற விலங்குகளின் மூளையடியில் கண்ட நுண்குழாய் வலை ஒன்றை மனிதனுக்கும் இருப்பதாக எழுதிவைத்தார். மனிதனுக்கு அது கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் பெரெங்காரியோவும் வெசாலியஸும் மனித உடலைத் திறந்து தேடி, காணோம் என்று சொல்லும்வரை அது பாடத்தில் இருந்தது.

மூளை ஜெயித்த பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகச் சுவாரஸ்யம். மூளையின் சதையை விட்டுவிட்டு, உள்ளே திரவம் நிறைந்த வெற்று அறைகளில் மனதைக் குடிவைத்தார்கள். எமெசாவின் பிஷப் நெமேசியஸ், 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், இதைத் தெளிவாக எழுதினார்: முன்னறையில் புலனும் கற்பனையும், நடுவறையில் சிந்தனை, பின்னறையில் ஞாபகம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் இதுதான் பாடம். அவர் காட்டிய சான்றோ இன்றைய நரம்பு உளவியல்காரர் பேசுவது மாதிரியே இருக்கும். முன்பகுதி கெட்டால் புலன்கள் தடுமாறும், அறிவு தங்கும். நடுப்பகுதி கெட்டால் அறிவு தடுமாறும், புலன்கள் தங்கும். பின்பகுதி கெட்டால் ஞாபகம் மட்டும் போகும். ஒன்று கெட்டு மற்றொன்று தப்புவதை வைத்து இடம் பிரிப்பது என்ற தர்க்கம் முழுசாக அங்கே இருக்கிறது. எந்த நோயாளியின் மூளையில் எந்த இடம் கெட்டிருந்தது என்பதை யாரும் திறந்து சரிபார்க்கவில்லை, அதுதான் குறை.

ஏன் அறைகள்? மூளையைக் கையில் எடுத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பதப்படுத்தாத மூளை கெட்டித் தயிர் மாதிரி. கத்தி பட்டால் குழையும், தட்டில் வைத்தால் தன் எடையிலேயே தட்டையாகும், உஷ்ண காலத்தில் மிகச் சீக்கிரம் அழுகத் தொடங்கும். அதற்குள்ளிருக்கும் நார்ப்பாதைகளைத் தொடர்ந்து போக வழியே இல்லை. தெளிவான எல்லையும் வடிவமும் உள்ளவை என்று கண்ணில் பட்டவை குழிவுகள் மட்டுமே. அதனால் கோட்பாடும் அங்கேயே போய் உட்கார்ந்தது.

லியோனார்டோ டா வின்சி 1500களின் முதல் பத்தாண்டில் மாட்டு மூளையில் செய்த வேலையைப் பாருங்கள். பெரிய அறைகளின் கொம்புகளில் இரண்டு துளை போட்டு, காற்று வெளியேற மெல்லிய குழாய்களைச் செருகி, பின்னாலிருந்து பீச்சாங்குழலால் உருக்கிய மெழுகைச் செலுத்தினார். காற்றுக்கு வழி விடாவிட்டால் மெழுகு ஓரங்கள்வரை போகாது. மெழுகு இறுகியதும் மூளையை அகற்றினால் அறைகளின் வார்ப்பு கையில் கிடைக்கும். அருமையான செய்முறை. ஆனால் மெழுகு செலுத்தத் துளை போட வேண்டிய இடத்துக்கு அவர் குறிப்பில் கொடுத்திருக்கும் பெயர் ‘ஞாபகத்தின் அறை’. வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டு, அதன்மேல் பழைய பெயர்ப்பலகையை மாட்டிவைத்தார்.

பலகையைக் கழற்றியவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தாமஸ் வில்லிஸ். 1664இல் வந்த அவருடைய மூளை உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்தவர்களில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் ஒருவர். அதுவரை மண்டைக்குள் வைத்தே மேலிருந்து அடுக்கடுக்காகச் சீவிப் பார்ப்பதுதான் வழக்கம். அடிப்பகுதிக்கு வரும்போது எல்லாம் கூழாகிவிடும். வில்லிஸ் குழு மூளையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து, அடியிலிருந்து நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் பின்தொடர்ந்தது. குழாயில் சாயத்தை ஏற்றி, ஒரு தமனி அடைபட்டாலும் அடியிலுள்ள வளையம் வழியாக மூளையின் மறுபக்கத்துக்கும் ரத்தம் போவதைக் காட்டியது. ஞாபகத்தை அறையிலிருந்து கிளப்பி, மூளையின் வெளியடுக்கான புறணியின் மடிப்புகளுக்கு மாற்றியதும் வில்லிஸ்தான். அதைவிட முக்கியமாக, தான் வைத்தியம் பார்த்த பக்கவாத நோயாளிகள் இறந்தபின் அவர்களுடைய மூளையைத் திறந்து பார்த்தார்.

தத்துவஞானி டெகார்ட் பேசிய பினியல் சுரப்பியை, மூளையின் நடுவிலிருக்கும் சின்னச் சுரப்பியை, ஒரு பத்தியோடு விட்டுவிடலாம். மூளையில் எல்லாம் ஜோடி, அது மட்டும் ஒற்றை, ஆகவே ஆன்மா அங்கேதான் உடலோடு சேர்கிறது என்பது அவர் கணக்கு. அந்தச் சுரப்பி இப்படியும் அப்படியும் சாய்ந்து திரவத்தைத் திருப்பிவிடும் என்றார். 1665இல் பாரிஸில் உடற்கூறு ஆய்வாளர் ஸ்டென்சன், அது அசைய இடமில்லாமல் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னார். பினியல் விலங்குகளுக்கும் இருக்கிறது என்பது அடுத்த சிக்கல்.

சேதத்தைப் பார்த்துச் செயலை ஊகிக்கும் பழக்கம் இவர்கள் எல்லாரையும்விடப் பழையது. 1862இல் எட்வின் ஸ்மித் லக்ஸரில் வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் கி.மு. 1600 அளவிலானது, அதிலும் இன்னும் பழைய மூலத்தைப் பார்த்து எழுதிய பிரதி. 48 காயங்கள் வரிசையாக வருகின்றன: பரிசோதனை, நோயின் பெயர், ‘நான் வைத்தியம் பார்ப்பேன்’ அல்லது ‘போராடிப் பார்ப்பேன்’ அல்லது ‘வைத்தியத்துக்கு அடங்காது’ என்ற தீர்ப்பு. 6ஆவது காயத்தில் உடைந்த மண்டை வழியாக மூளை தெரிகிறது; உருக்கிய செம்பின்மேல் படியும் சுருக்கங்கள் மாதிரி, விரலுக்கடியில் துடிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். 20ஆவது நோயாளிக்கு நெற்றிப்பொட்டில் காயம். கேள்வி கேட்டால் பேச்சில்லை. கண்ணீர் மட்டும் கொட்டுகிறது, குழந்தை மாதிரி புறங்கையால் துடைத்துக்கொள்கிறார், துடைப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் கண்டவர்கள் மூளைதான் மனம் என்ற கோட்பாட்டுக்குப் போகவில்லை. மம்மி செய்யும்போது இதயத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு மூளையை மூக்கு வழியாகக் கிளறி எடுத்துப் போட்டது அதே நாடுதான்.

19ஆம் நூற்றாண்டில் இரண்டு பேர் எதிரெதிர் திசையில் தவறினார்கள். மருத்துவர் ஃபிரான்ஸ் யோசப் கால், மனதின் திறன்கள் புறணியில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன என்றார், 27 என்று எண்ணியும் வைத்தார். முதல் பாதி வீண்போகவில்லை. ஆனால் இடம் கண்டுபிடிக்க அவர் தடவியது மண்டையோட்டின் மேடுகளை. மண்டையோட்டின் வெளி உருவம் உள்ளே இருக்கும் மூளையின் உருவத்தை அப்படியே காட்டாது. புருவத்துக்கு மேல் எலும்புக்குள் காற்றறை வேறு இருக்கிறது. பொருந்தின உதாரணங்களைச் சேர்த்து, பொருந்தாதவற்றுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே போனார். இவரை மறுக்க வந்த பிரெஞ்சு உடலியல் ஆய்வாளர் ஃபுளூரான்ஸ் 1820களில் நேர்மையாகக் கத்தியை எடுத்தார். சிறுமூளையை அகற்றினால் அசைவுகள் ஒத்திசைவதில்லை, மூளை தண்டுவடத்தோடு சேரும் முகுளத்தில் குறிப்பிட்ட இடம் கெட்டால் மூச்சு நிற்கும் என்பவை அவர் தந்தவை, இன்றும் நிற்பவை. பெருமூளை நீக்கிய புறாவைத் தூக்கிப் போட்டால் பறக்கும், அலகுக்குள் இரை வைத்தால் விழுங்கும், தானாக எதையும் தொடங்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால் எல்லாத் திறனும் சேர்ந்தே மங்குவதைக் கண்டு, பெருமூளைக்குள் இடப் பிரிவே இல்லை என்று முடிவு கட்டினார். மடிப்புகளே இல்லாத பறவை மூளை. எல்லையைப் பாராமல் சீவிய வெட்டு. தின்கிறதா, பறக்கிறதா என்ற அளவிலான கேள்விகள். பிரிவு இருந்திருந்தாலும் இந்தச் சோதனையில் தெரிந்திருக்காது.

இந்த நிலையில்தான் 1861 ஏப்ரலில், பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற 51 வயதுக்காரர் காலில் பரவிய சீழ்த்தொற்றோடு அறுவை மருத்துவர் போல் புரோக்காவிடம் வந்தார். 21 வருஷமாக அங்கேயே இருந்தவர். எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்பார், கோபம் வந்தால் ஒரு வசைச்சொல். புரோக்கா வெறுமனே ‘பேச்சில்லை’ என்று எழுதிவிட்டுப் போகவில்லை. வாயும் நாக்கும் அசைகிறதா என்று பார்த்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். லெபோர்ன் இடக்கையை நான்கு முறை முழுதாக விரித்து, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21. மறுநாள் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்து, வசைச்சொல்லை உதிர்த்தார். அந்தக் கோபமும் ஒரு சான்றுதான். கேட்டது புரிகிறது, கணக்கு இருக்கிறது, நேற்று நடந்தது ஞாபகம் இருக்கிறது; போனது பேச்சு மட்டும்.

ஏப்ரல் 17இல் அவர் இறந்தார், அடுத்த நாளே மூளை பாரிஸ் மானிடவியல் சங்கத்தின் மேசைக்கு வந்தது. இடது முன்மடலில் கோழிமுட்டை கொள்ளும் அளவுக்குப் பள்ளம், சுற்றிலும் மெதுமெதுப்பு. இவ்வளவு பெரிய சேதத்தில் பேச்சைக் கெடுத்தது எது என்று எப்படிச் சொல்வது? புரோக்கா காலவரிசையைப் பிடித்தார். முதல் 10 வருஷம் பேச்சு மட்டுமே இல்லை; அதன் பிறகுதான் வலது கை, பிறகு கால் செயலிழந்தன. ஆகவே எந்தப் பகுதி மிகப் பழைய சேதமோ, மிக அதிகமாகக் கரைந்திருக்கிறதோ, அது பேச்சுக்கு உரியது. அது மூன்றாம் முன்மடல் மடிப்பின் பின்பகுதி. சில மாதங்களில் 84 வயது லெலோங் என்ற இரண்டாவது நோயாளி. மிகச் சிறிய சேதம், அதே இடம். 1865இல்தான், நோயாளிகள் சேர்ந்து, எல்லாருக்கும் இடப்பக்கம் என்பது உறைத்த பிறகு, நாம் மூளையின் இடது அரைக்கோளத்தால் பேசுகிறோம் என்று எழுதினார்.

இதோடு ஃபினியஸ் கேஜை ஒப்பிட்டுப் பாருங்கள். 1848இல் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துப் போயும் பிழைத்தவர், அதனால் குணமே மாறிப்போனார் என்று எல்லாப் பாடநூலிலும் வருகிறவர். 1860இல் அவர் இறந்தபோது பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. பல வருஷம் கழித்து மண்டையோட்டைத் தோண்டி எடுத்தார்கள். மூளையை யாருமே பார்த்ததில்லை. புகழுக்கும் சான்றின் எடைக்கும் சம்பந்தமில்லை.

லெபோர்னின் மூளையைப் புரோக்கா அறுக்கவில்லை, சாராயத்தில் போட்டு முழுதாக வைத்தார். அதனால் உள்ளே எவ்வளவு ஆழம் கெட்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று. அதே காரணத்தால் 2007இல் அதை எம்ஆர்ஐ கருவியில் வைக்க முடிந்தது. சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை. உள்மடலையும், முன்மடலைப் பின்பகுதிகளோடு இணைக்கும் நீண்ட நார்க்கட்டையும் தின்றிருந்தது. ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1874இலேயே எச்சரித்தது இதைத்தான்: பேச்சைக் கெடுக்கும் சேதத்தின் இடத்தைக் காட்டுவது வேறு, பேச்சின் இடத்தைக் காட்டுவது வேறு.

நார்களின் பங்கை முதலில் வாதமாக்கியவர் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, அதே 1874இல், 26 வயதில். சரளமாகப் பேசியும் பொருள் பிடிபடாத, கேட்டது புரியாத நோயாளிகளுக்கு இடது பொட்டுமடலில் சேதம் இருப்பதைக் காட்டினார். புரோக்கா காட்டிய இடமும் இந்த இடமும் தப்பி, நடுவிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால் எப்படியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே கணித்தார்.

இணைப்பு அறுவதற்கு, பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டெஜெரின் 1892இல் வெளியிட்ட நோயாளி நல்ல உதாரணம். 1887இல் ஒருநாள் எழுத்துகள் படிக்கவராமல் போயின. எழுத வந்தது, தான் எழுதியதையே படிக்கத் தெரியவில்லை. எண்கள் தெரிந்தன. எழுத்தின்மேல் விரலை ஓட்டினால் அடையாளம் கிடைத்தது. இறப்பதற்குச் சில நாள் முன்பு இன்னொரு பக்கவாதத் தாக்குதல், எழுதுவதும் போயிற்று. மூளையில் இரண்டு சேதங்கள். பின்மடலிலும் அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்தின் பின்முனையிலும் மஞ்சளாகச் சுருங்கிய பழையது. இடது பக்கவாட்டு மடலின் கீழ்ப்பகுதியில் இளகிய புதியது. வாசிப்பைக் கெடுத்தது பழையது, எழுதுவதைக் கெடுத்தது புதியது.

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சம். எழுதத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் ஒருவரை வைத்து இரண்டும் தனித்தனி என்று சொல்ல முடியாது. படிப்பது எழுதுவதைவிடக் கடினமாக இருந்து, மூளையின் பொதுவான பலம் குறைந்ததால் கடினமானது முதலில் விழுந்திருக்கலாம் அல்லவா? இதை அடைக்க ஒரே வழி, நேரெதிரான நோயாளியைத் தேடுவது: படிக்கவருகிறது, எழுதவரவில்லை. அப்படிப்பட்டவர்களும் கிடைத்தார்கள். 1955இல் உளவியலாளர் டோய்பர் இப்படிப்பட்ட எதிரெதிர் ஜோடிக்கு இரட்டைப் பிரிவு என்று பெயர் வைத்தார். அதன் பிறகு ஒரே ஒரு பரிசோதனையில் ஒரே ஒரு நோயாளி தோற்றதை வைத்து மூளையில் இடம் குறிப்பவரைப் பார்த்து, எதிர் உதாரணம் எங்கே என்று கேட்பது வழக்கமாயிற்று.