நல்லதண்ணி கேட்ட கலத்தியா

தை மாதம் வாங்கி வந்த கலத்தியா என்ற அழகு இலைச்செடி, மாசி முடியும் முன்பே ஓரம் கருக ஆரம்பித்தது. பங்குனியில் இலைகள் சுருண்டன. அடுத்த பதினைந்து நாளில் அடியிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. ஒரே செடியில் மூன்று தொல்லை. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைத்து நான் செய்த வைத்தியம் செடியைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது தேறிவிட்டது. நம் பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு உதவுமே என்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பல்லடம் பக்கம். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தண்ணி உண்டு. ஆழ்துளைக் கிணற்றில் (போர்) இருந்து வருவது உப்புத்தண்ணி. பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் விடுவது நல்லதண்ணி. குடிக்கவும் சமைக்கவும் நல்லதண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத்தண்ணி. வாசலில் இருக்கும் அரளியும் செம்பருத்தியும் உப்புத்தண்ணி குடித்தே பூத்துத் தள்ளுகின்றன. அதனால் கலத்தியாவுக்கும் அதையே ஊற்றினேன்.

நான் வாங்கியது ஒர்பிஃபோலியா என்ற வகை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட இலை, அதில் வெள்ளிக்கோடு இழுத்தது போல வரிகள். தென் அமெரிக்க மழைக்காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற செடி. 2012இல் தாவரவியலாளர்கள் இதையும் இதன் உறவுகள் பலவற்றையும் கோப்பெர்ட்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்சரியில் கேட்டால் இன்னும் கலத்தியாதான்.

முதலில் வந்தது ஓரக் கருகல். நுனியில் தொடங்கி, வேட்டிக்கரை மாதிரி இலையைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு. பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் நூல் அளவுக்கு மஞ்சள். கேட்டவர்கள் எல்லோரும் காற்றில் ஈரம் போதாது, தண்ணி தெளி என்றார்கள். காலையும் மாலையும் உப்புத்தண்ணியைத் தெளித்தேன். இலை முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்ததுதான் கண்ட பலன். அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தெளித்த ஈரம் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதனால் அறையின் ஈரப்பதம் ஒன்றும் கூடாது.

அப்புறம் இலை சுருண்டது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்துச் செடிகள் இரவானால் இலையைத் தூக்கி நிமிர்த்திக்கொள்ளும், காலையில் இறக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் ஒரு சிறு முட்டு இருக்கிறது, அது உப்பிச் சுருங்குவதால் நடக்கும் அசைவு. அது நோயில்லை. என் செடியில் பகல் பதினோரு மணிக்கும் இலை பாயைச் சுருட்டியது போல நீளவாக்கில் சுருண்டே இருந்தது. தாகம் என்று நினைத்து தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த டிஏபி உரத்தையும் ஒரு ஸ்பூன் போட்டேன். அது பெரிய தவறு. உப்பு தாங்காமல் கிடக்கும் செடிக்கு உரம் என்பது மேலும் உப்பு.

அடியிலைகள் மஞ்சளானதும் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, போன் போட்டேன். கொடுமுடிப் பக்கம் நாற்பது வருஷம் மஞ்சள் பயிர் போட்டவர். கலத்தியாவை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் மஞ்சளும் இஞ்சியும் வாழையும் கல்வாழையும் கலத்தியாவும் தாவரவியலில் ஒரே வரிசையில் வருகிறவை. படம் அனுப்பினேன்.

"ஏஞ்சாமி, மண்ணு ஈரமா இருக்குதா?"

"ஈரமாத்தானுங்க அப்புச்சி இருக்குது. தினமும் ஊத்தறேன்."

"மண்ணுல ஈரம் இருந்தும் எல சுருளுதுன்னா வேரு தண்ணி எடுக்கல. கவுத்துப் பாரு."

கவிழ்த்தேன். வெளியே அழகுக்கு வைத்திருந்த பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை. அதில் மூன்று விரல் உயரம் தண்ணி நின்றிருந்தது, சாக்கடை நாற்றம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தன. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். தொட்டியின் உள்விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

மஞ்சளுக்குக் காரணம் இந்த அழுகல். இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணில் அது சகஜமும்கூட. ஆனால் இரும்பு குறைந்தால் கொழுந்து இலைதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். என் செடியில் கொழுந்து பச்சை. மஞ்சளானவை எல்லாம் அடியில் இருந்த வயதான இலைகள், காம்பும் கொளகொளவென்று இருந்தது. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது.

அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புதுத் தொட்டிக்குக் கலவை தயார் செய்தேன். பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கழிவுக் கட்டி வீட்டில் இருந்தது. அதிலும் உப்பு இருக்கும் என்று தம்பி சொன்னதால், தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை அவனிடம் வாங்கி எல்லாவற்றையும் அளந்தேன். அன்றுதான் கண் திறந்தது. போர்த் தண்ணி 1,480. குழாயில் வரும் நல்லதண்ணி 110. ஊறவைத்த நார்க்கழிவைப் பிழிந்த சாறு 1,900க்கு மேல். குடிநீருக்கே 500க்குள் இருப்பதுதான் நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நான் மழைக்காட்டுச் செடிக்கு அதைப்போல் மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன். செடி தண்ணியை இலைவழி ஆவியாக்கிவிடும், உப்பு ஓரத்திலேயே தங்கிவிடும். வேட்டிக்கரை வந்த வழி இதுதான்.

சிலர் தண்ணியை ஒருநாள் திறந்து வைத்து ஊற்றச் சொல்வார்கள். அதில் போவது குளோரின், உப்பு போகாது. காய்ச்சினால் தண்ணி குறைந்து உப்பு இன்னும் செறிவாகும். ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளும் கழிவுத்தண்ணியும் ஆகாது. ஏசியில் சொட்டுகிற தண்ணி பரவாயில்லை, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. எல்லாவற்றையும்விட மழைத்தண்ணி. நார்க்கழிவை மூன்று முறை நல்லதண்ணியில் அலசிப் பிழிந்த பிறகு சாறு 400க்கு இறங்கியது. அதோடு உமிக்கரியும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் நட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாளில் மஞ்சள் நின்றது. கருகலும் பரவவில்லை. ஆனால் இரண்டு இலைகள் பொலிவிழந்து, மேலே மணல் தூவியது போல வெளிர்ப்புள்ளிகளோடு சுருண்டபடியே இருந்தன. இலையைத் திருப்பி, கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டினேன். மிளகுத்தூள் போல விழுந்தவை நகர்ந்தன. விரலால் தேய்த்ததும் செந்நிறக் கோடு. செஞ்சிலந்தி, இலைச்சாறு உறிஞ்சும் சிறு சிலந்திப்பேன்! மரவள்ளிக் காட்டில் கோடையில் வருகிற வகையறாதான். சூடும் வறட்சியும் இருந்தால் பெருகும். நான் செடியை வைத்திருந்ததோ மேற்கு ஜன்னல். மதியம் அங்கே ஈரப்பதம் 28 சதவீதம்.

நல்லதண்ணியில் இலைகளின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து, ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, சாயங்காலமாக மற்றவற்றிலும் அடித்தேன். முட்டை பொரித்து வருவதையும் பிடிக்க வேண்டும் என்பதால் ஐந்து நாள் இடைவெளியில் நான்கு முறை. வெயிலில் அடித்தால் மெல்லிய இலை வெந்துவிடும்.

செடியை வடக்குத் திண்ணைக்கு மாற்றினேன். பக்கத்தில் துணி துவைக்கும் கல், எப்போதும் கொஞ்சம் ஈரம், நேர்வெயில் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் அங்கே நேராக அடிக்காது. அந்தக் காற்றை நம்பித்தான் எங்கள் ஊர்ப்பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடியில் அதன் எதிரில் வைத்தால் எந்த ஈர இலையும் தாங்காது. தண்ணி தினமும் ஊற்றுவதில்லை. விரலை முதல் கணு வரை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழியும் வரை ஊற்றி, வழிந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

சித்திரையில் கோடைமழை இரண்டு தரம் பெய்தது. மொட்டைமாடிக் குழாயடியில் குடங்களை வைத்துப் பிடித்தேன். வைகாசி நடுவில் புது இலை ஒன்று பென்சில் மாதிரி சுருண்டு வந்து, நான்கு நாளில் விரிந்தது. நுனியிலிருந்து காம்பு வரை விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ஒரு புள்ளி பழுப்பு இல்லை. அப்புச்சிக்குப் படம் அனுப்பினேன். "எல நல்லாருக்குது அம்மணி, வேர இனித் தொடாத" என்றார்.

கருகிய பழைய இலைகள் இனிப் பச்சையாகாது. காய்ந்த விளிம்பை மட்டும் இலையின் வளைவிலேயே கத்தரித்துவிட்டு, இரண்டைச் செடியிலேயே விட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் பச்சை இருக்கிறது, புது வேர் பிடிக்கும் வரை அவைதான் செடிக்குச் சோறு போடுகின்றன.