மனச்சிதைவு என்று உறுதியாகும் வரை: ஓர் அக்காவின் அனுபவம்

ஸ்கிசோஃப்ரினியா என்று மருத்துவச் சீட்டில் எழுதப்படும் மனச்சிதைவு நோயை உறுதிசெய்ய இன்றுவரை ஓர் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நோயாளி சொல்வது, உடன் வாழ்பவர்கள் பார்த்தது, மருத்துவர் எதிரில் உட்கார்ந்து கவனிப்பது, இவற்றோடு கழிந்த காலம் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். என் தம்பிக்கு அது உறுதியாவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் மருத்துவர்கள் எதையெல்லாம் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுபோன தகவல்களில் எது உண்மையில் பயன்பட்டது என்பதை, இதே நிலையில் இப்போது நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். தம்பியிடம் படித்துக் காட்டி, அவன் வேண்டாம் என்றவற்றை எடுத்துவிட்ட பிறகே இதைப் பகிர்கிறேன்.

அவன் அப்போது கல்லூரியின் கடைசி ஆண்டில் இருந்தான். ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுகிறது; பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, இருபதுகளின் பிற்பகுதியில் தொடங்குவது அதிகம். குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்ற வெளிப்படையான அறிகுறிகள் வருவதற்கு முன்பே ஒரு மெதுவான சரிவு இருக்கும். நண்பர்களின் அழைப்புகளை எடுக்காமல் விட்டான். இரவும் பகலும் தலைகீழாயின. குளிப்பதும் உடை மாற்றுவதும் குறைந்தன. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு பக்கத்தை முடிப்பதே பெரும்பாடாயிற்று. இவற்றில் எதையும் தனியாக எடுத்து நோய் என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் காதல் தோல்வியும் தேர்வு பயமும் மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும். பிறகு ஒரு நாள், தன் மடிக்கணினியின் கேமராவை மட்டுமல்லாமல் சுவரில் இருந்த ஒவ்வொரு ஆணித் துளையையும் பசைநாடாவால் ஒட்டிவைத்திருந்தான். நான் காரணம் கேட்டபோது உதட்டில் விரலை வைத்து, "அக்கா, மெதுவாப் பேசு, அவங்க எல்லாத்தையும் குறிச்சுக்கிறாங்க" என்றான்.

அன்றிலிருந்து தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். இந்த அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் அந்தக் குறிப்புகளைத்தான் சொல்வேன். "வித்தியாசமாக நடந்துகொண்டான்" என்று எழுதினால் மருத்துவருக்கு அதனால் ஒன்றும் தெரியாது. அவன் சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினான், சாப்பிட்டானா, யாரும் இல்லாத அறையில் பேசினானா, பேசும்போது பதிலுக்குக் காத்திருப்பது போல இடைவெளி விட்டானா என்பவற்றை எழுத வேண்டும். தம்பி அப்படித்தான் இடைவெளி விட்டான். நாம் கேள்வி கேட்டால், தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து, வேறெதையோ கேட்டு முடித்துவிட்டு நமக்குப் பதில் சொல்வான்.

மருத்துவரிடம் அழைத்துப்போவது அடுத்த சிக்கல். தனக்கு நோய் இருப்பதை உணர முடியாமல் போவது இந்த நோயின் ஓர் அங்கம் என்பதால், "உனக்கு மனநோய், வா" என்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். அவன் நம்பியதை நான் மறுத்து வாதாடவும் இல்லை, ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. "எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் உனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது" என்பது வரைதான் பேசினேன். அவனுக்கே தொந்தரவாக இருந்தது தூக்கமின்மை; அதற்காக மருத்துவரைப் பார்க்கலாம் என்றபோது சம்மதித்தான். பொய் சொல்லி, வேறு இடத்துக்குப் போவதாகக் கூறி அழைத்துச் செல்லும்படி சிலர் அறிவுரை சொன்னார்கள். எல்லோரும் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஏற்கெனவே நம்பும் ஒருவனிடம் அதைச் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

முதல் சந்திப்பு நீண்டது. மருத்துவர் அவனைத் தனியாகவும், எங்களைத் தனியாகவும், பிறகு எல்லோரையும் சேர்த்தும் பார்த்தார். தனியாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு: கஞ்சா, மது, வேறு போதைப்பொருள் பற்றிப் பெற்றோர் முன்னால் எந்த இளைஞனும் உண்மையைச் சொல்லமாட்டான், ஆனால் அந்த விடை இல்லாமல் மருத்துவரால் ஓர் அடிகூட நகர முடியாது. சேர்ந்து உட்கார்ந்தபோது அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. குரல் தலைக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா? ஒருவரா, பலரா? உங்களிடம் பேசுகிறார்களா, அல்லது உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? எதையாவது செய்யச் சொல்கிறார்களா? உங்களையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொன்னதுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை அவர் ஒவ்வொரு சந்திப்பிலும் தவறாமல் கேட்டார்.

தம்பி மேசையைப் பார்த்தபடி, "இப்போ கையைக் கட்டுறான்னு ஒருத்தன் சொல்றான், இன்னொருத்தன் சிரிக்கிறான்" என்றான். அவன் அப்போதுதான் கையைக் கட்டியிருந்தான். செய்வதை வர்ணிக்கும் குரல்களையும், தன்னைப் பற்றி இருவர் விவாதிக்கும் குரல்களையும் கர்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர், மனச்சிதைவைச் சிறப்பாகச் சுட்டுபவை என்று தாம் கருதிய முதல்நிலை அறிகுறிகளின் பட்டியலில் சேர்த்திருந்தார் என்று பின்னர் படித்தேன். தன் எண்ணங்கள் வெளியே ஒலிபரப்பாவதாகவும், பிறருடைய எண்ணங்கள் தன் தலைக்குள் திணிக்கப்படுவதாகவும் உணர்வதும் அதே பட்டியலில் உண்டு. ஆனால் இவை வேறு நோய்களிலும் தென்படுவதால், இப்போது அவற்றுக்கு முன்பிருந்த தனி எடை தரப்படுவதில்லை. மருத்துவர் இடையில் தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார், "மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்பதற்குப் பொருள் கேட்டார். "பித்தளையும் மின்னும், தேய்த்துப் பார்க்கணும்" என்றான். பழமொழியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறானா, அதன் உட்பொருளுக்குப் போகிறானா என்று பார்க்கும் சோதனை அது. அதில் தோற்பதால் மட்டும் யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை.

பிறகு பரிசோதனைகள். மனச்சிதைவைக் காட்டும் சோதனை இல்லையென்றால் இத்தனை இரத்தம் எதற்கு என்று அப்பா சற்றுக் கோபமாகவே கேட்டார். மனச்சிதைவுபோல் வேடமிடும் மற்ற நோய்களை விலக்குவதற்கு என்றார் மருத்துவர். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, சிஃபிலிஸ், எச்ஐவி, இளைஞர்களிடம் செம்பு உடலில் தேங்குவதால் வரும் வில்சன் நோய், நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளை மடலில் எழும் வலிப்பு, மூளைக்கட்டி, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை எல்லாம் மாயக்குரலையும் சந்தேகத்தையும் கொண்டுவரக்கூடியவை. மூளையில் வேதிச் செய்திகளை வாங்கும் ஏற்பிகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஒரு வகை மூளையழற்சி 2007-இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன் அத்தகைய நோயாளிகள் சிலர் மனநோயாளிகளாகவே கருதப்பட்டிருக்கக் கூடும். குரல்களைவிடக் காட்சிகள் அதிகம் தெரிந்தாலோ, காய்ச்சலோ குழப்பமோ வலிப்போ சேர்ந்து வந்தாலோ மருத்துவர்கள் இந்தத் திசையில் கூடுதலாகத் தேடுகிறார்கள். தம்பியின் முடிவுகள் எல்லாம் இயல்பாக இருந்தன. இயல்பு என்று வந்த தாளைப் பார்த்து அம்மா மகிழ்ந்தார்; அது நோய் இல்லை என்பதற்கான சான்று அல்ல என்று விளக்குவது எனக்குக் கடினமாக இருந்தது.

அப்போதும் மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. சீட்டில் "சைக்கோசிஸ், மேலும் கண்காணிக்க" என்று மட்டும் எழுதினார்; எது உண்மை, எது இல்லை என்ற பிடி நழுவிய நிலைக்கான பொதுப்பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோயறிதல் கையேட்டின்படி, பிறழ் நம்பிக்கை, மாயக்குரல் அல்லது மாயத்தோற்றம், கோவையற்ற பேச்சு, நிலைகுலைந்த நடத்தை, உணர்ச்சியும் முனைப்பும் மங்கிப்போதல் என்னும் ஐந்தில் குறைந்தது இரண்டு, ஒரு மாதக் காலத்தின் பெரும்பகுதியில் இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றேனும் முதல் மூன்றில் அடங்க வேண்டும். படிப்பிலோ வேலையிலோ உறவிலோ வீழ்ச்சி தெரிய வேண்டும். தொந்தரவின் தடங்கள் மொத்தமாக ஆறு மாதங்கள் தொடர்ந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு ஒரு மாதத்தையே போதுமெனக் கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படிக் கறாராக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1960களில் தொடங்கிய ஓர் ஆய்வு, நியூயார்க் மருத்துவர்கள் லண்டன் மருத்துவர்களைவிட மிக அதிகமானோருக்கு மனச்சிதைவு என்று முத்திரையிடுவதைக் காட்டியது. இரு நகரத்து நோயாளிகளையும் ஒரே கேள்விமுறையால் சோதித்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. நோயாளிகள் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். இதைப் படித்த பிறகு, பெயர் சொல்லத் தயங்கும் மருத்துவரின்மீது எனக்கு மரியாதை கூடியது.

காத்திருந்த காலத்தில் இன்னொரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது: மனநிலை மிகையான எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாறாக இருக்குமோ? அந்த நோயின் எழுச்சிக் காலத்திலும் குரல்கள் கேட்கலாம், தன்னைப் பற்றிய பெரிய நம்பிக்கைகள் தோன்றலாம். தூங்காத இரவுகளில் அவன் களைப்பின்றி, உற்சாகமாக, திட்டம் மேல் திட்டமாகப் பேசினானா, அல்லது பயந்து விழித்திருந்தானா என்று கேட்டார்கள். குறிப்புகளைப் புரட்டியபோது விழித்திருந்த இரவுகள் எல்லாமே கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இரவுகளாக இருந்தன.

பெயருக்காகச் சிகிச்சை காத்திருக்கவில்லை. சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீண்டால் குணமடைவதும் கடினமாகிறது என்பதால், பரிசோதனைகள் முடிந்த உடனேயே ரிஸ்பெரிடோன் தொடங்கினார்கள். டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்து அது. தொடங்குமுன் எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்தார்கள், ஏனென்றால் இந்த வகை மருந்துகள் பலவும் அவற்றை ஏற்றிவிடும். சில வாரங்களில் குரல்கள் ஓய்ந்தன. முதலில் சத்தம் குறைந்தது, பிறகு பேச்சுக்கிடையே இடைவெளி கூடியது என்று அவனே சொன்னான். நடுவில் கால்களை அசைக்காமல் உட்கார முடியாத தவிப்பு வந்தது. பதற்றம் என்று நினைத்து விட்டுவிடக்கூடிய பக்கவிளைவு இது. சொன்னதும் அளவைக் குறைத்தார்கள், சரியாயிற்று.

குரல்கள் போன பிறகு எஞ்சியவைதான் எங்களுக்கு அதிகக் கடினமாக இருந்தன. ஒற்றைச் சொல்லில் பதில், அசையாத முகம், எழுந்து பல் துலக்குவதற்கே முனைப்பின்மை. பார்ப்பவர்கள் சோம்பல் என்பார்கள். மருத்துவரோ இது நோயின் பகுதியா, மனச்சோர்வா, மருந்தால் வந்த இறுக்கமா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மருந்துகள் குரல்களை அடக்கும் அளவுக்கு இந்த மங்கலை அகற்றுவதில்லை. அதற்குச் சிறிய அன்றாட இலக்குகளும் பயிற்சியும் நாள்பட்ட பொறுமையும்தான் கைகொடுத்தன.

பெயரை மருத்துவர் அவனிடம்தான் முதலில் சொன்னார், நாங்கள் உடனிருந்தோம். "அப்போ அந்தக் குரல் பொய்யா?" என்று கேட்டான். "உங்களுக்குக் கேட்டது உண்மைதான், பேசியவர் யாரும் இல்லை" என்றார் அவர். குரல் கேட்கும் நேரத்தில் மூளையில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் உரிய பகுதிகள் இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருப்பதையும் விளக்கினார். அது தம்பிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கும் வருமா என்று நான் கேட்டேன். உடன்பிறந்தவருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆயினும் பத்தில் ஒன்றைத் தாண்டாது. அச்சு மாறாத இரட்டையரிலேகூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு அதிகபட்சம் பாதிதான் என்றார். வளர்ப்பு சரியில்லையோ என்ற அம்மாவின் கேள்விக்கு இல்லை என்று நேரடியாகப் பதில் சொன்னார். அதே மூச்சில், வீட்டில் ஓயாமல் குறை சொல்வது நோய் திரும்புவதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இப்போது தூக்கக் கலக்கம் அதிகமாக இருப்பதால் மருந்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்கிறான். முதல் தாக்குதலுக்குப் பிறகு குறைந்தது ஓரிரு ஆண்டுகளாவது தொடர வேண்டும், திடீரென்று நிறுத்தவே கூடாது என்பதால், மிக மெதுவாகக் குறைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதற்காக ஒரு தாளில் அவனுக்கு மட்டுமே உரிய முன்னறிகுறிகளை எழுதியிருக்கிறோம்: தூக்கம் கெடுவது, அழைப்புகளை எடுக்காமல் விடுவது, சன்னல்களை மூடுவது. இரண்டு இரவுகள் தொடர்ந்து தூக்கம் கெட்டால் அவனே மருத்துவரை அழைப்பான். அவன் அழைக்காவிட்டால் மூன்றாம் நாள் காலையில் நான் அழைக்கலாம், அதற்குக் கோபப்படமாட்டேன் என்று அதில் கையெழுத்திட்டிருக்கிறான்.