இடப்பக்கத்து உர்ர்

மார்ச் 3
நான் செய்துகொண்டிருக்கும் வால்வு பிரீஆம்ப்புக்கு (சிடி பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைக்கிற பெட்டி) டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் வந்துவிட்டன. நாலுக்கு ஒன்று, வோல்ட்டை நாலில் ஒரு பங்காக இறக்கும். வால்வின், அதாவது பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழாயின், கரண்ட் முழுக்க இதன் வழியாகத்தான் ஓடப்போகிறது, அதனால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டுச் செய்யச் சொல்லியிருந்தேன். நல்ல கனம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "காது சரியாக் கேக்கலேன்னு சொல்லிக்கிட்டே பாட்டுப் பெட்டி செய்யறீங்க" என்றாள். பதில் சொல்லவில்லை.

மார்ச் 4
துளை போட்டேன். கை முழுக்க அலுமினியத் தூள்.

மார்ச் 5
ஏன் 6வி6 என்று அக்கா மகன் கேட்டான். 1930களில் ரேடியோ ஸ்பீக்கரைத் தள்ளுவதற்காக வந்த வால்வு, அதைக் கொண்டுபோய் பிரீஆம்ப்பில் போடுவதா என்கிறான். நியாயமான கேள்வி. யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலைதான். ஒரு வால்வுக்கு 250 வோல்ட், 30 மில்லி ஆம்பியர். ஏழரை வாட் சும்மா சூடாகப் போகிறது. ஹீட்டருக்கு இன்னும் மூன்று வாட் கிட்ட.

பழைய பெட்டியில் இருந்தது 12ஏஎக்ஸ்7 வால்வு. நூறு மடங்கு பெருக்கம், ஆனால் கையில் பலம் இல்லை. அதன் உள் எதிர்ப்பே 62 கிலோ ஓம். அதன் பிளேட்டில் (வெளியீடு எடுக்கிற தகடு) இருக்கும் 100 கே, அதாவது 100 கிலோ ஓம், ரெசிஸ்டரோடு சேர்த்தால் வெளியே 38 கே. அதற்குப் பின்னால் ஐந்து மீட்டர் ஒயர், 47 கே ஆம்ப். மேல் சுரங்கள் 15 கிலோஹெர்ட்ஸிலேயே சரிய ஆரம்பித்துவிடும். 6வி6இன் ஸ்கிரீன் என்ற உள்கம்பிச் சுருளை 100 ஓம் வழியாகப் பிளேட்டோடு கட்டினால் அது டிரையோடு, எளிய மூன்று முனை வால்வு. பெருக்கம் பத்துக்குச் சற்றுக் குறைவு, உள் எதிர்ப்பு 2 கிலோ ஓம் சொச்சம். நாலுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கினால் எதிர்ப்பு பதினாறில் ஒன்றாகும், 150 ஓம் அளவுக்கு வந்துவிடும். பெருக்கம் இரண்டரை. சிடி பிளேயரே 2 வோல்ட் கொடுக்கும்போது அதற்கு மேல் எதற்கு?

மேல் சுரங்கள் மழுங்கிக் கேட்டதால்தான் இதையே ஆரம்பித்தேன். இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக மழுங்கியது. ஒயர் இரண்டு பக்கமும் ஒரே நீளம்.

மார்ச் 6
காதைப் பார்க்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். வியாழன், 13.

மார்ச் 7
நல்லவேளை, சுவிட்சைப் போடுவதற்கு முன் கப்பாசிட்டரின் மேல் எழுதியிருப்பதைப் படித்தேன். 350 வோல்ட் வரைதான் தாங்கும். 250 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் உச்சம் 353. ஓடும்போது 270க்கு இறங்கிவிடும், சரி. ஆனால் வால்வு சூடேறும் வரை கரண்டே இழுக்காதே, அந்த நேரம் முழுக்க 353தான் நிற்கும். இருபது வருஷமாக ஈயம் வைக்கிறேன், இதைப் போய் மறந்திருக்கிறேன். 450 வோல்ட் மாற்றினேன்.

தூக்கம் வரவில்லை.

மார்ச் 8
பாடியது! வால்வின் கேத்தோடு முனையில் 16.8 வோல்ட், 560 ஓம், கணக்குப் போட்டபடியே 30 மில்லி ஆம்பியர். ஜால்ரா அடித்து முடித்த பிறகு அந்த ஓசை தேய்ந்து தேய்ந்து போவது வரைக்கும் கேட்கிறது. வலப்பக்கம்.

பென்சில் முனையால் கண்ணாடியைத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்'. ஒரு வால்வு மோசம், இன்னொன்று பரவாயில்லை. இதற்குப் பின்னால் இன்னொரு ஆம்ப் வந்து உட்காரும் என்று நினைத்தா இதைச் செய்தார்கள்? ரப்பர் வாஷர் போட வேண்டும்.

மார்ச் 9
உர்ர். இடப்பக்கம்.

மார்ச் 10
வால்வை மாற்றிப் போட்டேன், இடப்பக்கமே. ஹீட்டர் ஒயரை இன்னும் இறுக்கி முறுக்கினேன், எர்த் புள்ளியை நகர்த்தினேன், பலனில்லை. சத்தம் 50 ஹெர்ட்ஸ், டிசி சப்ளையிலிருந்து வரும் 100 இல்லை. கடைசியில் வால்வு இரண்டையுமே பிடுங்கிவிட்டுக் கேட்டேன். அப்போதும் உர்ர். அப்படியானால் டிரான்ஸ்ஃபார்மர்தான், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தத்தைப் பிடிக்கிறது. திருகைத் தளர்த்தி, ஷாக்குக்குப் பயந்து ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறு கையால் அதை மெல்லத் திருப்பினேன். குறைந்தது, குறைந்தது, கிட்டத்தட்ட செங்குத்தாக வந்தபோது போயே போச்சு. இன்னும் ஒரு விரல்கடை திருப்பினால் மறுபடி வருகிறது. அங்கேயே இறுக்கிவிட்டேன்.

"பாத்தியா" என்று அவளைக் கூப்பிட்டேன். காது கொடுத்துக் கேட்டாள். "ஒண்ணுமே கேக்கலையே" என்றாள்.

எனக்குக் கேட்டது. மெதுவாக.

மார்ச் 11
ஸ்பீக்கர் ஒயரை இடம் வலம் மாற்றினேன். இடப்பக்கமே. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இப்போதும் இடப்பக்கம்.

அக்கா போன் செய்தாள். பெட்டி நன்றாகப் பாடுகிறது என்றேன்.

மார்ச் 12
எல்லாவற்றையும் அணைத்தேன். மீட்டரை மாட்டி கப்பாசிட்டர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 270, 190, 80, 31. ஒரு வோல்ட்டுக்குக் கீழே போகும் வரை உட்கார்ந்திருந்தேன். இழையின் சிவப்பு எப்போதோ போய்விட்டிருந்தது, கண்ணாடியில் மட்டும் இன்னும் கொஞ்சம் சூடு.

நாளை பத்தே முக்காலுக்கு. ரப்பர் வாஷர் இன்னும் போடவில்லை.